முதுகுக்கு ஒரு பலகை

வாழ்வும் வசதியும்

மூன்று திங்களுக்கு முன் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம் சிந்தையை விட்டு அகலவில்லை. எழுதியவர், நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்து வரும் அம்மையார். புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தவர். அம்மாவட்டத்தில் 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் பழகினர் என்பது நேயர்கள் அறிந்ததே. அவ்வியக்கத்தில் தொண்டராய்ப் பணி செய்து, அப்போது வண்டி ஏறப் பழகியவர் இவர். மகன் அலுவலின் பொருட்டுப் புணே நகருக்கு வந்தபோது, பாத்திரம் பண்டங்களோடு அந்தப் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார். இன்று அவருக்கு வயது அறுபத்திரண்டு. வீட்டிற்கும் சங்கக் கட்டடத்திற்கும் இடையே உள்ள நான்கு கிலோமீட்டரை மிதிவண்டியிலேயே கடக்கிறார். இடையில் ஓர் ஆற்றுப் பாலமும், அதனை அடுத்து ஓர் ஏற்றமும் உள்ளன.

மடலின் சாரம் இது. சில காலமாக இடுப்பின் பின்புறத்தே வலி. வகுப்பு முடிந்து எழும்போது மேசையைப் பற்றிக்கொண்டே எழ வேண்டியிருக்கிறது. ‘வண்டியை விட்டுவிடுங்கள் அம்மா, நான் அழைத்துச் செல்கிறேன்’ என்கிறார் மகன். ஆனால் அவருக்கோ ஞாயிறன்றும் பணிமுறை மாறி மாறி வருகிறது. இந்நிலையில் கடைக்காரர் ஒருவர், இருக்கையின் பின்னால் பொருத்தும் முதுகுத் தாங்கி ஒன்றைக் காட்டி, வலியும் போகும், மிதிக்கும் உழைப்பும் பாதியாகும், வேகமும் கூடும் என்று உறுதி கூறியிருக்கிறார். வாங்கலாமா, அன்றி வண்டியையே விற்றுவிடலாமா என்பது அம்மையாரின் வினா. மடலின் இறுதியில், ‘வண்டியை விட்டால், நான் எங்கே போவதாயினும் பிறருடைய ஓய்வு நேரத்தைக் கேட்டுத்தான் போக வேண்டும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். அவ்வரியே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

இஃது ஒருவர் வினா அன்று. புணே ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்றே பெயர் பெற்றிருந்தது. கட்கியில் 1869இல் தோன்றிய வெடிமருந்துத் தொழிற்சாலையிலும், அதன் பின் எழுந்த பிற தொழிற்கூடங்களிலும் பணி செய்ய வந்த நம்மவருள் பெரும்பாலோர்க்கு முதற் சொத்து ஒரு மிதிவண்டியே. இன்று அவ்வண்டிகளுள் பல மாடிப்படியின் கீழே துருவேறிக் கிடக்கின்றன. ஏன் விட்டீர்கள் என்று பெரியவர்களைக் கேட்டால் இரண்டு விடைகள் வரும். ஒன்று, போக்குவரத்து நெரிசல். மற்றொன்று, முதுகு. நெரிசல் நம் கையில் இல்லை. முதுகேனும் நம் கையில் உள்ளதா என்று பார்ப்போமே என எண்ணினோம். ஆதலின் உடனே விடை எழுதாமல், மூன்று திங்கள் ஆராய்ந்து, செய்தும் பார்த்து, இப்போது எழுதுகிறோம்.

முதுகு ஏன் நோகிறது?

இடுப்புப் பகுதியில் முதுகெலும்பு ஐந்து கண்ணிகளைக் கொண்டது. கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையே மெத்தை போன்ற வட்டு ஒன்று உண்டு. நிமிர்ந்து நிற்கும்போது இப்பகுதி முன்னோக்கிச் சிறிது வளைந்திருக்கும். அதுவே அதன் இயல்பு. உட்கார்ந்த நிலையில் இடுப்பு பின்னோக்கி உருளுமாயின், அவ்வளைவு அழிந்து முதுகு கூன் விழும். வட்டுகளின் முன்பக்கம் நசுங்கும். பின்பக்கத்துத் தசைநார்கள் இழுபடும்.

சுவீடன் நாட்டு மருத்துவர் நாக்கம்சன் 1960களில் இவ்வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், சாய்மானமின்றி உட்காரும்போது அது சுமார் 140 என்றும், உட்கார்ந்து முன்குனியும்போது சுமார் 185 என்றும் அவர் கண்டார். 1999இல் ஜெர்மானிய ஆய்வாளர் வில்கெ என்பவரும் அவர் குழுவினரும் புதிய கருவியால் அளந்தபோது, தளர்ந்து உட்காருவதற்கும் நிற்பதற்கும் அத்துணை வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் இருவர் முடிவும் ஒன்றுபடும் இடம் உண்டு. முன்னால் நன்கு குனிந்தால் அழுத்தம் மிகும்; சாய்மானத்தில் முதுகைச் சாய்த்தால் அழுத்தம் குறையும். ஆகவே சாய்மானம் முதுகிற்கு நல்லது என்னும் கூற்றுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை.

ஆனால் நாற்காலி வேறு, மிதிவண்டி வேறு. நாற்காலியில் கால்கள் ஓய்ந்திருக்கின்றன. மிதிவண்டியில் அவை ஓயாமல் உழைக்கின்றன. நாற்காலி அசைவதில்லை, மிதிவண்டி நம் சாலைகளில் குலுங்காத நொடி இல்லை. இவ்வேறுபாட்டை மறந்தால் கடைக்காரர் சொல்வதெல்லாம் உண்மையாகவே தோன்றும்.

தாங்கி செய்வது யாது?

சுவரில் முதுகை ஊன்றிக்கொண்டு, கனமான பெட்டியைக் காலால் தள்ளிப் பாருங்கள். ஊன்றாமலும் தள்ளிப் பாருங்கள். முதல் முறையில் பெட்டி நகரும். இரண்டாம் முறையில் நாம் நகர்வோம். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று பள்ளியில் படித்தது இதுவே. மிதிவண்டியில் காலை நேர்க்கீழாக மட்டும் அழுத்துவதில்லை. சிறிது முன்னோக்கியும் தள்ளுகிறோம். அத்தள்ளுதலுக்கு எதிராக இடுப்பு இருக்கையில் பின்னோக்கி நழுவப் பார்க்கும். அதனைத் தடுப்பவை எவை? இருக்கையின் பின்விளிம்பு சிறிது தடுக்கும். எஞ்சியதைக் கைகள் ஹாண்டில் பாரை இழுத்தும், முதுகுத் தசைகள் இறுகியும் தடுக்கின்றன. கால்கள் செய்யும் வேலைக்குக் கையும் முதுகும் வரி கட்டுகின்றன என்று கூறலாம். இடுப்பின் பின்னால் ஒரு பலகை இருந்தால் அந்த வரியைப் பலகை கட்டும்.

அவ்வரி எவ்வளவு? கணக்கிட்டுப் பார்த்தோம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர், இருபது கிலோ எடையுள்ள சாதாரண வண்டியில், சமதளத்தில், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல 50 வாட்டுக்குச் சற்று மேற்பட்ட திறன் போதும். அப்போது பெடலில் விழும் விசை சராசரியாக 6 கிலோ எடைக்கும், உச்சத்தில் 10 கிலோ எடைக்கும் சமம். இதற்கு எதிராக ஊன்ற ஒரு பலகை தேவையே இல்லை. ஆனால் நூறு அடிக்கு ஐந்து அடி உயரும் ஏற்றத்தில், கியர் இல்லாத அதே வண்டியில், சராசரி விசை 23 கிலோ அளவிற்கும், உச்சம் 35 கிலோவிற்கு மேலும் சென்றுவிடுகிறது. ஏறுபவரின் உடல் எடையில் பாதிக்கு மேற்பட்ட விசை அது. கை இழுப்பதும், முதுகு இறுகுவதும், மூச்சு பிடிப்பதும் அங்கேதான். ஆகவே சமதளத்தில் தாங்கியினால் தள்ளுவிசைக்கு வரும் பயன் மிகச் சிறிது. ஏற்றத்தில் பயன் உண்டு. நம் அம்மையாரின் பாதையில் ஏற்றம் ஒன்றே ஒன்று. அங்கே அதன் அருமை தெரியும்.

வேகம் கூடுமா?

தாங்கி விற்பவர்கள், மேனாட்டில் சாய்ந்து மிதிக்கும் வண்டிகள் விரைவாகச் செல்வதை எடுத்துக் காட்டுவதுண்டு. அவர்கள் கூறும் செய்தி மெய்யே. பிரான்சு நாட்டில் சார்ல் மோசே என்பவர், நாற்காலியில் சாய்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கும் வண்டி ஒன்றைச் செய்தார். 1933ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், பிரான்சிசு ஃபோர் என்னும் ஓட்டி அவ்வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் சென்றார். ஆஸ்கர் எக் என்பவர் 1914இல் நிறுவிய 44.247 கிலோமீட்டர் என்னும் அருஞ்செயல் அன்று முறியடிக்கப்பட்டது. ஃபோர் முதல் வரிசைப் பந்தய வீரரும் அல்லர். மறு ஆண்டே அனைத்துலக மிதிவண்டிச் சங்கத்தார் இவ்வகை வண்டிகளைப் பந்தயங்களிலிருந்து விலக்கினர்.

ஆனால் அவ்வெற்றியைத் தந்தது முதுகுச் சாய்மானமா? அன்று. படுத்தாற்போல் அமர்ந்தவர் காற்றுக்குக் காட்டும் முகப்பு சிறிது, அதுவே முதற்காரணம். மணிக்கு 15 கிலோமீட்டரில் நம் உழைப்பில் பாதி காற்றைக் கிழிக்கச் செலவாகிறது. 25 கிலோமீட்டரில் ஏறக்குறைய முக்கால் பங்கு செலவாகிறது. மோசேயின் வண்டி காற்றை ஏமாற்றியது. நம் சாதாரண வண்டியில் பின்னால் ஒரு பலகையை வைத்து நிமிர்ந்து சாய்ந்தாலோ, காற்றுக்குக் காட்டும் மார்பு அகலுமேயன்றிக் குறுகாது. நெடுநேரம் மிதிப்பதற்கு வேண்டிய திறனை அளிப்பவை இதயமும் நுரையீரலும் தொடைத் தசையும். பலகை இவற்றுள் எதனையும் வளர்ப்பதில்லை. உழைப்பு பாதியாகும் என்பது விற்பனைச் சொல். வீணாகும் உழைப்பில் சிறு பகுதி மிஞ்சும் என்பதே உண்மை. மேலும், மிதிவண்டி நடப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலில் நம்மை அதே தொலைவுக்குக் கொண்டு செல்வது. இத்துணைச் சிக்கனமான கருவியிடம் மேலும் பாதியைக் கேட்பது பேராசை அன்றோ!

முதலில் இருக்கை

இவ்வளவும் ஏட்டறிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்தபின், அம்மையாரின் வண்டியைச் சங்கக் கட்டடத்தின் முற்றத்தில் நிறுத்தி நேரிலே பார்த்தோம். தொழிற்சாலையில் பொருத்துநராய் இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஸ்பானர்ப் பையுடன் வந்திருந்தார். தாங்கியைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. வண்டியில் ஏறிப் பத்தடி மிதித்துக் காட்டுமாறு அம்மையாரைக் கேட்டார். பார்த்தார். ‘அக்கா, முழங்கால் வயிற்றை இடிக்கிறதே!’ என்றார்.

உண்மைதான். நிறுத்தும்போது இரு பாதமும் தரையில் முழுதும் பதிய வேண்டும் என்று, நகரத்து நெரிசலுக்கு அஞ்சி, அம்மையார் இருக்கையை அடியோடு இறக்கி வைத்திருந்தார். இருக்கை தாழ்ந்தால் முழங்கால் உயரும். முழங்கால் உயர்ந்தால் இடுப்பு பின்னோக்கி உருளும். இடுப்பு உருண்டால் முதுகு கூன் விழும். நான்கு கிலோமீட்டர் முழுவதும், ஒவ்வொரு மிதிக்கும் இது நிகழ்ந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு இருக்கையின் மூக்கு மேல்நோக்கி நின்றது. புத்தகப் பை ஹாண்டில் பாரில் தொங்கியது.

இருக்கையின் உயரத்தைக் காண எளிய வழி உண்டு. இருக்கையில் அமர்ந்து, குதிகாலைக் கீழ்நிலையில் உள்ள பெடலில் வைத்தால் கால் நீண்டு நேராக வேண்டும். பின் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சிறிது மடங்கியிருக்கும். அளவு நாடாவால் அளக்க விரும்புவோர்க்கு 1967இல் இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்னும் இருவர் கண்ட கணக்கு உண்டு. கவட்டிலிருந்து தரை வரை உள்ள கால் நீளத்தை 1.09ஆல் பெருக்கினால் வரும் அளவே, தாழ்ந்த நிலையில் உள்ள பெடலின் அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தொலைவு. அம்மையாரின் கால் நீளம் 70 சென்டிமீட்டர். ஆகவே இருக்க வேண்டியது 76. இருந்ததோ 71க்கும் குறைவு!

ஒரே நாளில் உயர்த்திவிடவில்லை. வாரத்திற்கு அரை அங்குலமாக மூன்று வாரங்களில் உயர்த்தி, 75 சென்டிமீட்டரில் நிறுத்தினோம். கால்விரல் தரையைத் தொட வேண்டும் என்னும் அவர் விருப்பத்திற்காக ஒரு சென்டிமீட்டரை விட்டுக்கொடுத்தோம். இருக்கையின் மூக்கை இறக்கிச் சமமாக்கினோம். இசுரேல் நாட்டு மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இருக்கையின் முன்பகுதியை 10 முதல் 15 பாகை வரை கீழே சாய்த்தபோது, முதுகுவலி இருந்த மிதிவண்டியாளருள் பெரும்பாலோர்க்கு வலி குறைந்தது என்று கண்டுள்ளனர். நிமிர்ந்து ஓட்டும் நம் வண்டிகளில் அவ்வளவு சாய்த்தால் உடல் முன்னே வழுக்கும். ஆகவே சமநிலையே போதும் என்று விட்டோம். புத்தகப் பை பின்னால் கேரியருக்கு மாறியது.

நான்காம் வாரம் அம்மையார் மேசையைப் பற்றாமல் எழுந்தார். செலவு ஒரு காசும் இல்லை.

பின்னர்ப் பலகை

அப்படியாயின் தாங்கி வீண்தானா என்று கேட்கலாம். இல்லை. ஏற்றத்தில் மட்டும் இடுப்பில் ஒரு பிடிப்பு எஞ்சி நின்றது. கடையில் கண்ட தாங்கியை வாங்காமல், ஓய்வு பெற்ற அப்பொருத்துநரே ஒன்று செய்து தந்தார். ஓர் இரும்புப் பட்டை. அதன் மேல் சாண் அகலமும் அரைச் சாண் உயரமும் உள்ள பலகை. பலகையின் மேல் நுரைமெத்தையும் ரெக்சின் உறையும். அதனைச் சீட் பில்லர் எனப்படும் இருக்கைக் கம்பியில் இரண்டு போல்ட்டுகளால் இறுக்கினார். இது மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்த்தத் தக்கது.

முதலில் நாற்காலியின் நினைவில் அதனை நடுமுதுகில் பொருத்தினோம். அது பிழையாயிற்று. மிதிக்கும்போது உடல் இடமும் வலமும் சிறிது அசைவது இயல்பு. உயரமான பலகை அவ்வசைவைத் தடுத்து, விலா எலும்பை உரசியது. பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது முதுகில் குத்துவிட்டாற்போல் இருந்தது என்றார் அம்மையார். பின்னர் அதனை இறக்கி, இடுப்புக் கச்சை கட்டும் இடத்திற்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்பின் பின்பக்கம் படுமாறு வைத்தோம். சமதளத்தில் ஒரு விரல் இடைவெளி. ஏற்றத்தில் தள்ளும்போது மட்டும் இடுப்பு அதில் சென்று ஊன்றும். அதுவே சரியான இடம் எனத் தெளிந்தோம். சாய்ந்துகொள்வதற்கு அன்று, ஊன்றிக்கொள்வதற்கே மிதிவண்டிக்குத் தாங்கி வேண்டும்.

இப்போது பாலத்து ஏற்றத்தைக் கையின் இழுப்பின்றி ஏறுகிறார். வேகம் கூடவில்லை. முன்போலவே இருபது நிமிடம்தான் ஆகிறது. ஆனால் இறங்கும்போது தோள்கள் தளர்ந்திருக்கின்றன என்கிறார். இஃது ஒருவர் அனுபவமே. எல்லார்க்கும் இவ்வாறே ஆகும் என்று நாம் கூறமாட்டோம்.

கவனிக்க வேண்டியவை

தாங்கியினால் வரும் இடரையும் மறைத்தல் தகாது. அம்மையாரின் வண்டி, குறுக்குப் பார் இல்லாத பெண்கள் சைக்கிள். காலை முன்னால் எடுத்து வைத்து ஏறி இறங்குவது. ஆண்கள் வண்டியிலோ, காலைப் பின்னால் வீசியே ஏறுகிறோம், இறங்குகிறோம். ஐம்பது ஆண்டுப் பழக்கம் அது; காலுக்கே தெரியும், நாம் நினைப்பதில்லை. அம்மையாரின் தாங்கியைக் கண்டு தாமும் ஒன்று பொருத்திக்கொண்ட பெரியவர் ஒருவர், மறுநாள் காலையில் பால் வாங்கி வந்து வீட்டு வாசலில் இறங்கினார். பின்வீசிய கால் பலகையில் இடித்தது, வேட்டி சிக்கியது, வண்டியோடு சாய்ந்தார். நல்வேளையாக மணிக்கட்டில் வீக்கத்தோடு போயிற்று. அறுபதைக் கடந்தவர்க்கு முதுகுவலியைவிட இடுப்பெலும்பு முறிவு பெருங்கேடு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் குறுக்குப் பார் உள்ள வண்டியில் தாங்கி வேண்டா என்பதே நம் கருத்து. வேண்டுமென்பவர் முதலில் குறுக்குப் பார் இல்லாத வண்டிக்கு மாறுக. அதில் வெட்கம் ஏதும் இல்லை.

எடை பின்னே செல்வதும் கவனிக்கத் தக்கது. நிமிர்ந்து ஓட்டும் வண்டியில் எடையின் பெரும்பங்கு முன்னமே பின்சக்கரத்தின் மேல் உள்ளது. தாங்கியில் சாய்ந்து, கேரியரில் அரிசி மூட்டையும் வைத்து ஏற்றம் ஏறினால் முன்சக்கரம் இலேசாகி ஆடும். 1970இல் இங்கிலாந்தில் ராலே நிறுவனத்தார் உயர்ந்த முதுகுவளையத்தோடு விற்ற சாப்பர் என்னும் சிறுவர் வண்டி பெரும்புகழ் பெற்றது. பின்னால் எடை மிகும்போது முன்சக்கரம் எழுகிறது என்னும் குறையும் அதனோடு சேர்ந்தே பேசப்பட்டது. தாங்கி உள்ள வண்டியில் சுமை அளவோடு இருக்கட்டும்.

இருக்கைக் கம்பியையும் பாருங்கள். பலகையில் ஊன்றும் விசை முழுதும் அக்கம்பியை வளைக்கப் பார்க்கும். கம்பி குழாய்க்குள் இரண்டரை அங்குலத்திற்குக் குறையாமல் இறங்கியிருக்க வேண்டும். புதிய கம்பிகளில் அதற்கென அடையாளக் கோடு உண்டு. போல்ட்டுகளை முதல் வாரத்தில் நாள்தோறும், பின்னர்த் திங்களுக்கு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பலகை சிறிது சுழன்றாலும் அது தாங்கி அன்று, பொறி.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. வலி தொடையிலும் காலிலும் இறங்குதல், பாதம் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீர் கழிப்பதில் இடர், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கீழே விழுந்தபின் தோன்றிய வலி ஆகிய இவற்றுள் ஒன்றேனும் இருப்பின், ஸ்பானரை எடுக்க வேண்டா, மருத்துவரிடம் செல்க. நம் அம்மையாரும் மருத்துவரைக் கண்டு, ஓட்டலாம் என்னும் சொல்லைப் பெற்ற பின்னரே முற்றத்திற்கு வண்டியைக் கொண்டுவந்தார்.

இவ்விடத்தில் பின்னால் அமரும் சிறுவர்களையும் நினைக்கிறோம். பெரியவர்க்குத் தாங்கி விருப்பம். கேரியரில் அமரும் குழந்தைக்கோ அது கட்டாயம். முதுகுச் சாய்மானமும், இடுப்பு வாரும், கால் சக்கரத்துள் நுழையாமல் தடுக்கும் மறைப்பும் உள்ள இருக்கையின்றிக் குழந்தையை ஏற்றாதீர்கள். குழந்தை உறங்கிச் சரிவதும், குதிகால் ஆரக்கம்பியில் சிக்குவதும் நொடியில் நிகழ்வன. தமக்கு மெத்தை தேடுவோர் அதற்கு முன் குழந்தைக்கு இதனைத் தேடுக.

முடிவாக

அம்மையாரின் வினாவிற்கு நம் விடை இது. வண்டியை விற்க வேண்டா. தாங்கியை முதலில் வாங்கவும் வேண்டா. முதலில் மருத்துவர், அடுத்து இருக்கையின் உயரம், அதன்பின் இருக்கையின் சாய்வும் பையின் இடமும். இவை மூன்றும் சரியான பின்னும் ஏற்றத்தில் இடுப்பு பிடிக்குமாயின், அப்போது தாழ்ந்த சிறிய பலகை ஒன்று துணை செய்யும். வரிசையை மாற்றிப் பலகையில் தொடங்கினால், தாழ்ந்த இருக்கையின் கேட்டைப் பலகை மறைத்துவைக்குமேயன்றித் தீர்க்காது.

பிறந்த ஊரை விட்டு வந்தவர்க்கு, அதிலும் முதியோர்க்கு, தம் விருப்பம்போல் புறப்பட்டுத் தம் விருப்பம்போல் திரும்புதல் என்பது சிறிய செய்தி அன்று. மொழி புதிது, தெரு புதிது. பிள்ளைகளுக்கோ நேரம் இல்லை. இந்நிலையில் ஒருவர் வண்டியை மூலையில் சாய்த்துவிட்டால், நாளடைவில் கோயில் குறையும், நூலகம் குறையும், நண்பர் வீடு குறையும். இரண்டு அங்குல உயரத்தினால் அது நிகழ வேண்டுமா?

வரும் திங்கள் முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, ஓய்வு பெற்ற நம் பொருத்துநர் ஸ்பானர்ப் பையுடன் சங்க முற்றத்தில் இருப்பார். மாடிப்படியின் கீழே கிடக்கும் வண்டியைத் துடைத்து உருட்டி வாருங்கள். ஏறிப் பத்தடி மிதித்துக் காட்டினால் போதும். அன்று வகுப்பிற்கு அம்மையாரும் தம் வண்டியில் வருவார். தாங்கி எங்கே பட வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு அறியலாம்.